அரபி எழுத்தில் பழைய கையேடு: உருதும் இல்லை, அரபியும் இல்லை. மலாய் ஜாவியா?

பாரமகால் வாசகன்:

காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய கையெழுத்துப் புத்தகம் பற்றிய கேள்வி. ஒரு சாண் உயரம், முக்கால் சாண் அகலம், 68 தாள். தோல் அட்டை, முதுகு பிய்ந்திருக்கிறது. கறுப்பு மை, இடையிடையே சில சொற்கள் மட்டும் சிவப்பு. எல்லாம் அரபி எழுத்து.

நம் மாவட்டத்தில் அரபி எழுத்தில் எது கிடைத்தாலும் உருது, இல்லாவிட்டால் திப்பு காலத்துப் பார்சி (பாரசீக மொழி) பத்திரம் என்று சொல்லிவிடுவார்கள். உருது நன்றாகத் தெரிந்த இருவர் இதைப் பார்த்துவிட்டு, "எழுத்து வாயில் வருது, அர்த்தம் வரல" என்றார்கள். நடுவில் நாலைந்து பக்கங்களில் கட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து மாந்திரீகப் புத்தகம் என்று பேச்சு கிளம்பி, தென்பெண்ணையில் விட்டுவிடலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது. அட்டையின் உட்புறம் பென்சிலில் தமிழில் "பினாங்கு" என்றும், கீழே வெள்ளிக் (மலாய் நாட்டுப் பணம்) கணக்கும் இருக்கிறது.

மலாய் மொழியை அரபி எழுத்தில் எழுதும் ஜாவியாக இருக்குமோ என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது? உள்ளே என்ன இருக்கக்கூடும்? கெடாமல் வைக்க என்ன செய்ய வேண்டும்?

நூன்புள்ளி:

ஆற்றில் விடவேண்டாம் என்று அந்த வீட்டாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒருவர், ஒரு பூதக்கண்ணாடி, பகல் வெளிச்சம். மொழியைக் கண்டுபிடிக்க இவ்வளவு போதும்.

முதலில் எழுத்தின் நடையைப் பாருங்கள். சொற்கள் வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கினால் நஸ்தலீக், அதாவது உருதுவோ பார்சியோ. குர்ஆன் எழுத்துபோல நேர்கோட்டில் நிமிர்ந்து நின்றால் நஸ்க். மலாய் ஜாவியும், தமிழையே அரபி எழுத்தில் எழுதும் நம்ம கடற்கரை அரபுத்தமிழும் பெரும்பாலும் இந்த நடைதான். தே, தால், ரே எழுத்துகளின் தலையில் தோய் என்ற எழுத்து குட்டியாக உட்கார்ந்திருந்தால் உருது, அதோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, ஐன் எழுத்தின் மேல் மூன்று புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். "ங" ஒலிக்காக மலாய்க்காரர்கள் சேர்த்துக்கொண்ட எழுத்து அது. அரபி, பார்சி, உருது மூன்றிலும் கிடையாது. முக்கியமாக, யேயும் அதை ஒட்டி மூன்று புள்ளி ஐனுமாக இரண்டே எழுத்தில் ஒரு சொல் வரும். "யாங்" என்று படிக்க வேண்டும். தமிழில் பெயரெச்சம் செய்யும் வேலையை மலாயில் இந்தச் சொல்தான் செய்கிறது. அதனால் உரைநடைப் பக்கம் என்றால் பக்கத்துக்கு ஐந்தாறு இடத்திலாவது கண்ணில் படும். படாவிட்டால் மலாய் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

"ப" ஒலிக்கு ஃபேயின் மேல் மூன்று புள்ளி வைப்பார்கள். உருதுக்காரர்கள் அதை ஃபே என்றே படித்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய பொறி "ஞ". சொல்லின் கடைசியில் வந்தால் நூனின் மேல் மூன்று புள்ளி. சொல்லின் தொடக்கத்திலோ நடுவிலோ வந்தால் அதே மூன்று புள்ளி கீழே போய்விடும். பார்க்க அப்படியே உருது "பே". ஞாவா, அதாவது உயிர், என்று எழுதியிருப்பதைப் பாவா என்று வாசிப்பார்கள். வாயில் வந்து பொருள் வராமல் போவது இங்கேதான்.

உறுதியான அடையாளம் இன்னொன்று: சொல்லின் முடிவில் அரபி எண் 2 (٢). மலாயில் பன்மைக்கும் அழுத்தத்துக்கும் சொல்லை இரட்டிப்பார்கள். ஓராங் ஓராங் என்றால் மனிதர்கள். பழைய ஜாவியில் இரண்டு முறை எழுதாமல் ஒரு முறை எழுதி 2 போட்டுவிடுவார்கள். வரிக்கு நடுவே ஒட்டிக்கொண்டு நிற்கும் இந்த 2 கணக்கோ பக்க எண்ணோ அல்ல.

"க" என்று அழுத்தி ஒலிக்கும் எழுத்துக்கு இப்போதைய ஜாவியில் காஃபின் மேல் ஒரு புள்ளி உண்டு. பழைய கைகளில் அந்தப் புள்ளி பாதி நேரம் இருக்காது, இருந்தாலும் கீழே இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேகமாக எழுதுபவர் கையில் இரண்டு புள்ளி ஒரு கோடாகவும் மூன்று புள்ளி சின்னக் கூரையாகவும் மாறிவிடும். பூச்சித் துளையைப் புள்ளி என்று எண்ணிவிடுவதும் நடக்கும். துளை என்றால் தாளின் மறுபக்கமும் தெரியும்.

அரபுத்தமிழா என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். அதில் ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகள் அநேகமாக எல்லா எழுத்திலும் இருக்கும், ட, ண ஒலிகளுக்குத் தாலின் அடியிலும் நூனின் அடியிலும் புள்ளி இருக்கும். படித்துக் காட்டினால் தமிழ் தெரிந்தவர் காதுக்குப் புரிந்துவிடும். ஜாவியில் குறி போடும் வழக்கம் குறைவு, உயிரெழுத்தையும் பாதி விழுங்கிவிடுவார்கள்.

பாரமகால் வாசகன்:

நன்றி. இன்று ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தோம். எழுத்து நிமிர்ந்த நடை. மூன்று புள்ளி ஐன் நிறைய இருக்கிறது, நீங்கள் சொன்ன இரண்டெழுத்துச் சொல் ஒரு பக்கத்தில் மட்டும் 11 இடத்தில். சொல்லின் வாலில் 2 என்பதும் இருக்கிறது. சிவப்பு மையில் வருவது பெரும்பாலும் ஒரே சொல்: மீம், காஃப்.

கடைசிப் பக்கத்தில் வரிகள் குறுகிக்கொண்டே போய் முக்கோணமாக முடிகிறது. அதில் "தமத்" (முடிந்தது) என்றும், ஸலாஸா கிழமை, 17 ரஜப், 1301 என்றும் படிக்க முடிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று, அதன் மேல் பூச்சித் துளை. ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது சிறிதும் பெரிதுமாக மூன்று பிறை தெரிந்தது.

கீழைக்கரைக் காற்று:

அப்படியானால் ஜாவிதான், சந்தேகமே வேண்டாம். அந்த மீம், காஃப் "மாக்கா" என்ற சொல். மலாய் உரைநடையில் புது வாக்கியம் அதில்தான் தொடங்கும். முற்றுப்புள்ளி இல்லாத காலத்தில் அதைச் சிவப்பில் எழுதினால் வாசிப்பவர் மூச்சுவிட இடம் தெரியும்.

ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டை 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்டக் கிறிஸ்தவ ஆண்டு வரும். 1301க்கு 1883ன் கடைசியும் 1884ம். ரஜப் 17 என்பது 1884 மே 13 வாக்கில் விழுகிறது, அன்று செவ்வாய்க்கிழமை. ஸலாஸா என்றாலும் செவ்வாய்தான். கிழமை பொருந்துவதால் தேதியை நம்பலாம். பிறை பார்த்து மாதம் தொடங்குவதால் ஒரு நாள் முன்னே பின்னே போவது சகஜம், இரண்டு நாள் விலகினால்தான் ஆண்டைத் தப்பாகப் படித்தோமோ என்று பார்க்க வேண்டும். பூச்சி தின்ற ஒற்றை எழுத்து, எட்டு ஆண்டுச் சுற்றில் அந்த ஆண்டின் பெயராக இருக்கலாம். அலிஃப், ஹே, ஜீம், ஜே, தால், பே, வாவ், மறுபடி தால் என்று மலாய்க்காரர்கள் ஆண்டுக்கு எழுத்துப் பெயர் வைப்பார்கள், நாம் பிரபவ, விபவ என்று சொல்வதுபோல.

மூன்று பிறை இத்தாலியத் தாளின் நீர்க்குறி. 19ஆம் நூற்றாண்டில் மலாய் நாடுகளுக்கு இந்தத் தாள் நிறையப் போனது. ஆனால் துருக்கி, அரபு நாடுகள், ஆப்பிரிக்கா என்று எல்லாப் பக்கமும் போனதால் ஊரை நிரூபிக்க அது உதவாது. காலத்துக்கு மட்டும் ஒத்துப்போகிறது.

உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். இந்த அளவிலான கையேடு பெரும்பாலும் இஸ்லாமிய மார்க்கம் படிக்கும் ஒருவரின் சொந்தக் குறிப்பு. மூன்று விஷயங்களைத் தேடச் சொல்லுங்கள்.

முதலாவது, இறைவனின் இருபது பண்புகள். உஜூத், கிதம், பகா என்று அரபிச் சொற்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே மலாய் விளக்கம். மலாய்ப் பிள்ளைகளுக்கு நம்பிக்கைப் பாடம் இதில்தான் தொடங்கும். 15ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் இருந்த இமாம் சனூசி வகுத்த வரிசை இது.

இரண்டாவது, தொழுகைப் பகுதி. இதுதான் உங்கள் ஊரில் பெரிய துப்பு. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து உருது பேசும் முஸ்லிம்கள் ஹனஃபி என்ற சட்டமரபினர். மலாய்க்காரர்கள் ஷாஃபி மரபினர், நம் கீழக்கரை, காயல்பட்டினத்தாரைப்போல. ஷாஃபிகள் சுபுஹு (விடியற்காலை) தொழுகையில் இரண்டாவது ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) குனூத் என்ற வேண்டுதலை ஓதுவார்கள், "அல்லாஹும்மஹ்தினீ ஃபீமன் ஹதைத்" என்று தொடங்கும். ஹனஃபிகள் வித்ர் என்ற இரவுத் தொழுகையில் ஓதுவது "அல்லாஹும்ம இன்னா நஸ்தயீனுக". எது இருக்கிறது என்று பள்ளிவாசல் இமாம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். முந்தையது சுபுஹு பாடத்தோடு இருந்தால், எழுதியவர் உள்ளூர் ஹனஃபி மதரஸாவில் படித்தவர் அல்ல.

மூன்றாவது, சடங்குகள். மவ்லிது (நபி புகழ்மாலை) ஓதும் வரிசை, இறந்தவருக்கு 3, 7, 40, 100ஆம் நாட்களில் ஓதும் தஹ்லீல், குழந்தைக்கு முதல் முடி எடுக்கும்போது எல்லாரும் எழுந்து நின்று பாடும் மர்ஹபா. முடி எடுப்பதற்கு மலாய் வீடுகளில் ஓர் இளநீர்க் காயின் தலையைப் பூப்போலச் செதுக்கி, வெட்டிய முடிக்கற்றையை அதற்குள் போடுவார்கள். காய், கத்தரிக்கோல், பன்னீர், மஞ்சள் அரிசி என்று பொருள்பட்டியல் இருந்தால் இந்தச் சடங்காக இருக்கலாம்.

கட்டங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மூன்றுக்கு மூன்று கட்டமாக இருந்தால் குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை கூட்டிப் பாருங்கள். 1 முதல் 9 வரையிலான எண்கள் என்றால் எல்லாப் பக்கமும் 15 வரும். மொராக்கோவிலிருந்து ஜாவா வரை பாதுகாப்புக்காக எழுதி வைத்த எண்கட்டம் இது. நம் ஊர்த் தாயத்துகளிலும் உண்டு. யாருக்கும் கேடு செய்ய எழுதியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தால் அது செய்யுள். நாலு வரியும் ஒரே இயைபில் முடிந்தால் ஷயிர், ஒன்று விட்டு ஒன்று இயைந்தால் பந்துன்.

அரூர் ஆசிரியர்:

ஒரு கேள்வி. மலாய்க்காரர்களுக்கு மார்க்கம் போனது அரபு நாட்டிலிருந்துதானே? பினாங்கு போன நம் ஆட்கள் கையில் ஜாவி எப்படி வந்திருக்கும்? இலங்கை மலாய்க்காரர் புத்தகமாக இருக்க வாய்ப்பில்லையா?

கீழைக்கரைக் காற்று:

நல்ல கேள்வி சார். கல்வெட்டுச் சான்றிலிருந்தே வருகிறேன். சுமத்ராவின் பாசாயில் சுல்தான் மாலிக் அஸ்ஸாலிஹ் கல்லறைக் கல் ஹிஜ்ரி 696, அதாவது 1297. தீபகற்பத்தில் கிடைத்த திரெங்கானு கல்வெட்டு ஹிஜ்ரி 702, அதாவது 1303 என்று கொள்கிறார்கள். ஆண்டு வரும் இடம் உடைந்திருப்பதால் அதில் கருத்து வேறுபாடு உண்டு. கடன், ஒழுக்கக்கேடு போன்றவற்றுக்கு இஸ்லாமியச் சட்டம் சொல்லும் கல் அது, மலாயை அரபி எழுத்தில் எழுதியதற்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அதில் இறைவனைக் குறிக்க "தேவதா முலியா ராயா" என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். இந்தியச் சொற்களோடு ஏற்கெனவே பழகிய ஒரு மொழிக்குள் மார்க்கம் நுழைந்தது அந்த ஒரு தொடரிலேயே தெரிகிறது.

மார்க்கம் அங்கே போனதில் அரபிகள் ஒரு வழி, குஜராத்திகள் ஒரு வழி, சோழமண்டலக் கரைக்காரர்கள் ஒரு வழி. மலாக்காவில் 1445 வாக்கில் ஆட்சிக்கு வந்த சுல்தான் முஸஃபர் ஷாவின் தாய் தமிழ் முஸ்லிம் வழியினர். 1511ல் போர்த்துகீசியர் பிடிக்கும் முன் அங்கே பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சராக இருந்த துன் முத்தாஹிரும் அதே வழிதான். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை 1801ல் நிறுவியவர் காதர் மைதீன் மரைக்காயர். மலாய் உரைநடையைப் புதுப்பாதைக்குத் திருப்பிய முன்ஷி அப்துல்லா 1796ல் மலாக்காவில் பிறந்தவர். அவர் முன்னோரில் ஒருவர் யேமனிலிருந்து நாகூர் வந்து மணம் முடித்தவர். வணிகர் கணக்கெல்லாம் தமிழில் நடந்ததால் மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம், அவரும் படித்தார்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் தருவது 1876. அந்த ஆண்டு சிங்கப்பூரில் மலாய் மொழியின் முதல் வார இதழ்களில் ஒன்று ஜாவி எழுத்தில் வந்தது. நடத்தியவர்கள் தென்னிந்திய முஸ்லிம் தகப்பன், மலாய்த் தாய் வழிவந்தவர்கள். ஜாவி பெரானாக்கான் என்று அவர்களுக்குப் பெயர், இதழுக்கும் அதே பெயர். கடையில் தமிழ்க் கணக்கு, பள்ளியில் ஜாவிக் கிதாபு, தொழுகையில் அரபி என்று ஒரே ஆள் மூன்றையும் கையாண்ட காலம். 1884ல் எழுதிய ஜாவிப் புத்தகத்தின் அட்டையில் தமிழ்ப் பென்சில் எழுத்து இருப்பது அந்தக் காலத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது.

இலங்கை வாய்ப்பும் உண்டு. டச்சுக்காரர் கொண்டுவந்த படைவீரர், நாடுகடத்தப்பட்டவர் வழிவந்த மலாய்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். கொழும்பில் 1869லேயே மலாய் இதழ் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்துச் சுவடிகளில் ஒரே கட்டில் சில தாள் ஜாவி, சில தாள் அரபுத்தமிழ் என்று கலந்திருக்கும். முழுக் குறியோடு எழுதிய பக்கம் ஏதாவது இருந்து, படித்தால் தமிழ் காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அரூர் ஆசிரியர் சொன்ன பக்கம் சாய வேண்டியதுதான்.

வசம்புப் பொட்டலம்:

மொழி தெரிந்துவிட்டது, இப்போது தாளைக் காப்பாற்றுவோம்.

லேமினேஷன் கூடாது, செல்லோ டேப் கூடாது, ஃபெவிகால் வைத்து முதுகை ஒட்டக் கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுத்து எழுத்தோடு இறங்கிவிடும். லேமினேஷனைச் சேதமில்லாமல் வீட்டில் பிரிக்கவே முடியாது. வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், தோல் அட்டை வளைந்து தையலை இழுத்துவிடும்.

கறுப்பு மையைக் கவனியுங்கள். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிழல் படர்ந்து, சில இடத்தில் எழுத்தே ஓட்டையாக உதிர்ந்திருந்தால் இரும்பு கலந்த மை. அது தாளை உள்ளிருந்து அரிக்கும். ஈரம் பட்டால் அரிப்பு வேகமெடுக்கும், அதனால் ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஆவி காட்டிப் பிரிக்கும் யோசனையே வேண்டாம். கத்தி நுழைப்பதும் வேண்டாம். ஒட்டியதை ஒட்டியபடியே விடுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டுபவர் கையில் கொடுக்காதீர்கள். கையுறை தேவையில்லை, கழுவித் துடைத்த வெறுங்கை போதும்.

தூசியை அகலமான மென்மையான தூரிகையால் தையல் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பிறகு துணிச் சுற்று. கோராத் துணியை அப்படியே சுற்றினால் அதிலுள்ள கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சி வரும். இரண்டு முறை வெந்நீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு சுற்றுங்கள். வசம்பு, கிராம்பு, மிளகு இடித்துத் தனிப் பொட்டலமாகக் கட்டி, புத்தகத்தைத் தொடாமல் பெட்டி மூலையில் வையுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே செருகாதீர்கள், கறை விழும். இரும்பு பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஈரம் உள்ளே இறங்கும்.

தாள் காணாமல் போயிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஒரு வழி: திறந்த புத்தகத்தின் வலப்பக்க அடியில், இடது மூலையில், சாய்வாக ஒரே ஒரு சொல் இருக்கும். எதிர்ப்பக்கத்தின் முதல் சொல்லும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாத இடத்தில் தாள் விழுந்திருக்கிறது, அல்லது இடம் மாறித் தைத்திருக்கிறார்கள்.

பாரமகால் வாசகன்:

இமாம் பார்த்தார். சுபுஹு பகுதியில் "அல்லாஹும்மஹ்தினீ" இருக்கிறது. கட்டத்தின் கூட்டுத்தொகை எல்லாப் பக்கமும் 15. வீட்டாரும் இப்போது வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். கோலாலம்பூரில் உறவினர் இருக்கிறார், கூரியரில் அனுப்பினால் அங்கே படிக்கவைக்கலாம் என்கிறார். அனுப்பலாமா?

நூன்புள்ளி:

அனுப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள்தான். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது குற்றம். படம் அனுப்பத் தடை இல்லை, படிப்பவருக்குப் படமே போதும். மலேசிய தேசிய நூலகத்தில் மலாய்ச் சுவடிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, உறவினர் அங்கே கேட்கட்டும். இங்கே காட்ட வேண்டுமானால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அரபி, பார்சி, உருதுச் சுவடிகளைக் கையாள்பவர்கள் உண்டு. மலாய் படிக்காவிட்டாலும் தாளையும் கட்டையும் பார்த்துச் சொல்வார்கள்.

படம் எடுக்கும்போது புத்தகத்தை 180 பாகைக்கு விரிக்காதீர்கள், முதுகு முழுசாகப் போய்விடும். இரண்டு பக்கமும் மடித்த துணி கொடுத்து, அரையும் குறையுமாகத் திறந்து ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் இரு பக்கமும் சமமாக விழட்டும். ஓரங்களை வெட்டாமல், ஒரு அளவுகோலும் சேர்ந்து விழும்படி எடுங்கள். அட்டை உட்புறப் பென்சில் எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாக எடுங்கள், மங்கிய இலக்கங்கள் அப்போதுதான் எழும்பித் தெரியும். வலது அட்டைதான் முதல் பக்கம். நம் பழக்கத்தில் இடமிருந்து எண் போட்டு அனுப்பினால், படிப்பவர் 17 ரஜப்பிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டியிருக்கும்.